ரூபி அக்கா பெயருக்கு நேரே ஒரு டிக்

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் தூறல். ஆராதனை முடியும்போது வெயில். பிறகு சபையின் மழைக்காலக் குழுக் கூட்டம். மூன்று வாரமாக அறிவிப்பு கொடுத்தும் வந்தது ஆறே பேர்: போதகர் ஐயா, செயலாளர் எட்வின், என் வீட்டுக்காரர் இவர், நான், பாடகர் குழுப் பெண்கள் இருவர். மற்றவர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று பேசப் போய்விட்டார்கள்.

முடிவானவை:
- ஆலயத்தின் மாடி ஹால்தான் தங்கும் இடம். சாவி ஐயா, எட்வின், நான் மூன்று பேரிடமும்.
- அரிசி, பருப்பு, பெரிய அடுப்பு இரண்டு, தண்ணீர் கேன், கயிறு, டார்ச், குளோரின் மாத்திரை.
- யார் வந்தாலும் கதவு திறக்க வேண்டும். சபையாரா என்று கேட்கக் கூடாது. (எட்வின்: "புது டைல்ஸ் போட்டிருக்கோம் ஐயா." ஐயா: "கழுவிக்கலாம் எட்வின்.")
- கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் பட்டியல். ஆளுக்கு எட்டு வீடு. தண்ணீர் வரும் என்றால் எட்டையும் போனில் கூப்பிட வேண்டும்.

போனில் என்றது நான். "நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றார் ஐயா. "எட்டு வீடு ஐயா, போன் போதும்" என்றேன். ஸ்கூல் வேலை, வீட்டு வேலை. வேறு எப்படி?

என் எட்டில் எட்டாவது: தேவராஜ் அண்ணன், ரூபி அக்கா. வரதராஜபுரம், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்குப் பக்கவாதம், இரண்டு வருடமாகப் படுக்கை. பிள்ளைகள் இல்லை. முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர் அக்கா. சபையில் பாதிப் பேருக்கு அவர்தான் டீச்சர். இவரையும் என்னையும் பேசி முடித்து வைத்ததும் அவர்தான்.

கடைசியாகப் போய்ப் பார்த்தது? ஈஸ்டர் சமயம். அன்றும் அக்கா தூங்குகிறாள் என்று அண்ணன் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

வாங்க: இட்லி மாவு, இவருக்கு பி.பி. மாத்திரை. தைத்த பிளவுஸ் வாங்கி வர வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

முந்தாநாள் பிடித்த மழை. ஆலயத்தில் பாதி பெஞ்சு காலி. நாளைக்கு ஸ்கூல் லீவு. துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம். எட்வின் தனி ஆளாக அரிசி மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது அவருக்கு.

டிசம்பர் 1, திங்கள்

கா. 6. மழை விடவில்லை. மேற்கே ஏரிகள் நிரம்பி வழிகின்றன, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று வாட்ஸப்பில்.

கா. 9.30. எட்டு வீட்டையும் கூப்பிட்டேன். ஆறு வீட்டார் ஹாலுக்கு வருகிறார்கள். ஒருவர் நேற்றே சேலையூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் தேவராஜ் அண்ணன்.

"அண்ணா, தண்ணி வந்துடுச்சா அங்க?"

"தெருவுல கொஞ்சம் நிக்குதும்மா. உள்ள வரல."

"எட்வின் கார் அனுப்பறேன். அக்காவைத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்துடுங்க."

பின்னால் ஏதோ குரல். அண்ணன் போனைக் கையால் பொத்தியதுபோல் இருந்தது. "வேணாம் கிரேஸ். சேஃபாதான் இருக்கோம். அவளை அசைச்சா அவளுக்குக் கஷ்டம். நீ மத்தவங்களப் பாரு."

"கண்டிப்பா?"

"கண்டிப்பாம்மா."

டிக் போட்டேன். எட்டுக்கு எட்டு. ஐயாவுக்கு மெசேஜ்: எல்லா வீடும் ஓகே.

மதியம் 1. ஹாலில் அறுபது பேர் இருக்கும். பாதிக்கு மேல் முன்பின் தெரியாதவர்கள். எட்வின் டைல்ஸ் மேல் ஈரப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். சாம்பார் சாதம். உப்பு கூடிவிட்டது.

மா. 3. வரதராஜபுரத்தில் இடுப்பளவு தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். அண்ணனுக்குப் போன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. மறுபடி.

இவரும் நானும் ஓடினோம். மெயின் ரோட்டைத் தாண்டினால் தெருவே இல்லை, ஆறுதான். தண்ணீர் கேன் போடும் முருகன் காலி கேன்களைக் கயிற்றில் கட்டித் தெப்பமாக்கி, அதில் ஆட்களை ஏற்றி இழுத்து வந்துகொண்டிருந்தார். காலையில் இருந்து அதே வேலையாம்.

"எங்கக்கா போறீங்கோ? உள்ள நெஞ்சு வரிக்கும் கீது. இன்னா வூடு?"

"தேவராஜ் சார் வீடு. பச்சை கேட்."

அவர் முகம் மாறியது. "அந்தம்மா படுத்துகினே இருப்பாங்களே, அவுங்களா? பூட்டிக்கினு போய்ட்டாங்கன்னு நெனச்சேன்கா. ரெண்டு வாட்டி அந்தாண்டதான் போனேன். லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல."

என்னை இறங்க விடவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பெட்டிக்கடை மேடையில் நின்றேன். ஜெபம் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆயிரம் தாண்டியது தெரியும்.

வெளிச்சம் போவதற்குள் வந்துவிட்டார்கள். தெப்பத்தில் போர்வை சுற்றிய அக்கா. பக்கத்தில் அண்ணன் தண்ணீரில் நடந்து வந்தார், அக்காவின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. மயக்கமா என்று கேட்டேன். இவர் போர்வையை முகம் மூட இழுத்துவிட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை குறைவு. உள்ளே நடந்ததை இவர் இன்று காலைதான் சொன்னார். அண்ணன் சாப்பாட்டு மேசையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்து, அதன் மேல் மெத்தை போட்டு, அக்காவை அதில் நகர்த்தியிருக்கிறார். மேசைக்கும் மேலே தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்று அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. கை மரத்துப்போய் ஒரு தடவை நழுவிவிட்டது. உடனே தூக்கிவிட்டாராம். உடனேதான் தூக்கினேன், உடனேதான் தூக்கினேன் என்று இவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி வராதாம். முருகனின் டெம்போவில்தான் ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு.

ஹாலில் எண்பது பேர். பால் பவுடர் தீர்ந்தது. நாப்கின் வேண்டும் என்று ஒரு பெண் என் காதில் கேட்டாள். வாங்கி வைக்கவே இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

தண்ணீர் வடிந்தது. எங்கும் சேறு. பிளீச்சிங் பவுடர், மண்வெட்டி, கையுறை. நான்கு நான்கு பேராகப் பிரிந்து வீடு வீடாகக் கழுவல். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு நாளாக லிஃப்டும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று போன். எட்வின் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு கிளம்பிவிட்டார், முதுகு வலியோடு.

"டீச்சர் போன் பண்ணலன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்!" என் பட்டியலில் ஐந்தாவது வீட்டு அம்மா. கையைப் பிடித்து அழுதார். கையை உருவிக்கொண்டேன். பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஐயாவிடம் சொன்னேன், டிக் போட்டது நான் என்று. "போனுக்குச் சரின்னு சொன்னது நான்" என்றார். ஆறுதல் இல்லை. ஆறுதலுக்காக அவரும் சொல்லவில்லை.

டிசம்பர் 6, சனி

அடக்கம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் பக்கெட்டால் இறைத்தார்கள், மறுபடி ஊறியது. போதும் என்று அண்ணன் கையைக் காட்டினார். பெட்டி இறங்கும்போது வந்த சத்தத்தை எழுத மாட்டேன்.

முருகன் வந்திருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பர் 10, புதன்

வெயில். ஸ்கூல் திறந்தாயிற்று. ஹாலில் மூன்று குடும்பங்களும் அண்ணனும் மட்டும். அவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறார். தினமும் சாப்பாடு கட்டுகிறேன், எட்வினிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் போக தைரியம் இல்லை. போனில் கேட்டவள்தானே நான்.

டிசம்பர் 13, சனி

அண்ணன் வரச் சொன்னதாக எட்வின் சொன்னார். போனேன். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான்கு நாள் தாடி.

"நீ போன் பண்ணப்ப தண்ணி உள்ள வந்துடுச்சும்மா. கணுக்கால் அளவு. உன்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏண்ணா?"

"ரூபிதான். வேணாம் வேணாம்னு பின்னாடி இருந்து கத்தறா. அவளுக்கு எல்லாமே படுக்கையிலதான்னு உனக்குத் தெரியும். அன்னிக்குத் தண்ணி வந்த பதட்டத்துல நான் துணியக்கூட மாத்தல. அப்படியே கெடந்தா. அந்த ஹால்ல, அவ பாட்டு சொல்லிக்குடுத்த பிள்ளைங்க நடுவுல, என்னை எங்க வச்சு மாத்துவீங்கன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. வடிஞ்சிடும்னு நெனச்சோம், கிரேஸ். எப்பவும் வடிஞ்சிடுமே."

ஆறு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கயிறு, டார்ச், மாத்திரை எல்லாம் எழுதினோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நேர்ல வந்திருந்தா வாசல்லயே தண்ணியப் பார்த்திருப்ப." பிறகு: "நான் பொய் சொன்னதும் இருக்கு. ரெண்டும் இருக்கு. என்ன பண்றது."

டம்ளரில் இருந்த டீயை ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு கூட்டம். உட்கார இடமில்லாமல் நின்றார்கள். அண்ணனைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நான் டிக் போட்டது, அக்கா கேட்ட கேள்வி. பாடகர் குழுப் பெண்களில் ஒருத்தி எழுந்து வெளியே போய் அழுதாள். இனி நேரில் போவது என்று முடிவு. ஹாலை ஒட்டி, பாடகர் குழு அங்கிகள் வைக்கும் அறையைப் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒதுக்குவது என்று இன்னொன்று. பாத்ரூம் பக்கம், உள்தாழ்ப்பாள் உண்டு. அங்கி அலமாரி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் நானும் எட்வினும் அறையைக் காலி செய்தோம். கரப்பான்கள், பழைய கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், உடைந்த மைக். அண்ணன் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவு நிலையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கையை விரித்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"கட்டில் நுழையாது கிரேஸ். கதவை அகலப்படுத்தணும்."

எட்வின் டேப் கொண்டு வந்தார். இரண்டேகால் அடி. கட்டில் மூன்றடி. நாளை கா. 8 மணிக்குத் தச்சர் வருகிறார். கூட இருந்து காட்டுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.