ஜெராக்ஸில் மறைந்த சிவப்பு

பாய்,

இன்று காலை என் கம்ப்யூட்டர் திரையில் உங்கள் சுவர்கள் வந்து நின்றன. யார் வரைந்தது என்று பெயரைத் தேடவில்லை. கூரையைத் தாங்கும் சுவருக்குள் நெருக்கமான சாய்கோடுகள். வெறும் தடுப்பாக நிற்கும் சுவருக்குள் ஒன்றுமில்லாத வெள்ளை. இடிக்க வேண்டியதற்கு விட்டு விட்டு ஓடும் கோடு. திருவண்ணாமலையில் பிளான் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சுவரை இப்படிக் காட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

பென்டிரைவைக் கொண்டு வந்தவர் செங்கம் ரோட்டு வீட்டுக்காரம்மா. வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் அதே அம்மா. மாடியில் இன்னும் இரண்டு அறை எடுக்க வேண்டுமாம். "பாய் போயிட்டாரு. இந்த வீட்டோட கதை தெரிஞ்சவரு இனிமே நீங்க ஒருத்தர்தான்" என்றார். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்களை அடக்கம் செய்த அன்று நான் வெளி கேட் வரை வந்தேன். உள்ளே வரவில்லை. அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில், மாடிப்படி ஏறினால் நம் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர். நான் எம்.இ. படித்தவன். நீங்கள் பாலிடெக்னிக் டிப்ளமா. படி ஏறி வருகிற ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாய் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இதை எழுதும்போதும் எரிகிறது. கோடு போடுவதில் உங்களைவிட நான் கெட்டிக்காரன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, நீங்களும் மறுத்ததில்லை. ஆனால் வந்தவனுக்குப் புரிய வைக்க உங்களால்தான் முடிந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி, மகளுக்கு நிச்சயம் முடிந்த கையோடு மிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார் அல்லவா? அவருக்குப் பிளான் என்றால் என்னவென்று விளங்கவில்லை. நான் வெட்டுமட்டம், மேல்தோற்றம் என்று கால் மணி நேரம் பேசினேன். நீங்கள் மிட்டாய்களைத் தட்டில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கத்தரிக்கோலால் பாதி உயரத்தில் சுற்றிலும் வெட்டி, மேல்பாதியைத் தூக்கி எறிந்தீர்கள்.

"நாலடி உயரத்துல வீட்டை வெட்டிட்டோம்னு வெச்சிக்கங்க. இப்ப மேலேர்ந்து காக்கா மாதிரி குனிஞ்சி பாருங்க. கத்தி பட்ட சுவரு கனமாத் தெரியும். கத்திக்குக் கீழயே நின்னுபோன குட்டிச் சுவரு லேசாத் தெரியும். அவ்ளோதான் பிளானு."

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி, என் வூட்டு மேல்பாதிய எங்க கடாசினீங்க?" என்று கேட்டார். நாம் மூவரும் சிரித்துக்கொண்டே மிட்டாயை முடித்தோம்.

நமக்குள் சண்டை என்றால் அது சுவரை எப்படிக் காட்டுவது என்பதில்தான். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வகைச் சுவருக்கும் கோட்டின் கனம், உள்ளே நிரப்புவது, நிறம் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். ஒருமுறை சொல்லிவிட்டால் வீடு முழுக்க அது மாறிவிடும். நான் நிறத்தால் காட்டினேன். தாங்கும் சுவர் சிவப்பு, இடிக்க வேண்டியது மஞ்சள், புதிது பச்சை. திரையில் பார்த்தால் கண் குளிரும்.

"இன்னா சார் இது, ஐஸ்கிரீம் கடை போர்டு மாதிரி இருக்கு?" என்றீர்கள். "இது போயி சேர்ற எடம் மேஸ்திரியோட சட்டைப் பாக்கெட்டு. நாலா மடிச்ச ஜெராக்ஸ். அதுல சிவப்பும் மஞ்சளும் ஒரே அழுக்குதான். கோடு போடுங்க சார். கலரு போயிடும், கோடு போவாது."

"கீழ குறிப்பு எழுதியிருக்கேனே பாய். படிக்கத் தெரியாதவனுக்கு நான் என்ன பண்றது?"

"படிக்கத் தெரியாதவனுக்குத்தான் சார் படம்."

எனக்கு அன்று பதில் இருந்தது. இன்று அது நினைவில்லை.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். செங்கம் ரோட்டு வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர்கள் இரண்டு, ஆறடி இடைவெளியில் பக்கம் பக்கமாக ஓடின. ஒன்று கூரையைத் தாங்குவது. மற்றது அந்த அம்மாவின் கணவர் பிற்பாடு ஸ்டோர் ரூமுக்காக எழுப்பியது. இரண்டாவதை இடித்தால் வெளியூர்க்காரர் தங்க நல்ல அறை கிடைக்கும். கனம் இரண்டுக்கும் ஒன்றுதான். என் பிளானில் ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

மேஸ்திரி வந்து கதவோரம் நின்றார். "சார், நாளைக்கிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், செங்கம் ரோட்டுல டிராக்டர் வுட மாட்டாங்க. இன்னிக்கே இடிச்சி மண்ணை அள்ளிடணும்."

நீங்கள் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். நம் அறையிலிருந்து எந்தத் தாள் வெளியே போனாலும் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். வரைந்தவர், சரிபார்த்தவர். என்னுடையதை நீங்கள் பார்ப்பீர்கள், உங்களுடையதை நான் பார்ப்பேன். நாமே போட்ட சட்டம். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். நான் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரியின் அவசரம் மட்டும் காரணமல்ல. என் பிளானை ஒரு டிப்ளமாக்காரர் பார்த்துத்தான் ஆக வேண்டுமா என்ற எண்ணமும் இருந்தது. உங்களிடம் நேரில் சொல்லாததை இந்தக் கடிதத்திலாவது சொல்லிவிடுகிறேன்.

கலர் தாள் அழுக்காகக் கூடாது என்று மேஸ்திரி அதைச் சுருட்டிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். கீழே கடையில் கருப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஆட்களிடம் கொடுத்தார். அதில் இரண்டு சுவரும் ஒரே சாம்பல். அவர்கள் சிவப்பை இடித்தார்கள். நான்கு மணிக்குக் கூரையின் ஒரு பக்கம் இறங்கியது. மண் சட்டி தூக்கிக்கொண்டிருந்த சித்தாள் செல்வியின் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இடிக்க வேண்டிய சுவர் தெருச் சுவரிலிருந்து பன்னிரண்டடி மூன்று அங்குலம் என்று எழுதியிருக்கிறேன், அளக்காமல் உடைத்தால் யார் பொறுப்பு என்று. நீங்கள் வந்தீர்கள். ஆட்களிடமிருந்த ஜெராக்ஸை வாங்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தீர்கள். மடித்தீர்கள். செல்வியின் கணவரிடம் போய், "நம்ம பிளான்ல தப்பு இருக்குங்க. நாங்கதான் பொறுப்பு" என்றீர்கள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க? அளவுல ஒரு தப்பு காட்டுங்க பாக்கலாம்!"

"அளவைப் பத்தி நான் பேசவே இல்லயே சார்."

'அவர் பிளான்' என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சரிபார்த்த கட்டம் காலி என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக உங்களை வெறுத்திருப்பேன். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. 'நம்ம' என்ற ஒரு சொல்லை வைத்து என் வாயை அடைத்தீர்கள். அடுத்த வாரமே என் மேசையை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். பதினோரு வருடம். என் ஜன்னலிலிருந்து உங்கள் ஜன்னல் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று திறந்தது அந்த வீட்டின் பிளான்தான், இடிந்ததைத் திரும்பக் கட்டுவதற்காக நீங்கள் திருத்தியது. வரைந்தவர் கட்டத்தில் என் பெயரை அப்படியே விட்டிருந்தீர்கள். சரிபார்த்தவர் கட்டத்தில் உங்கள் பெயர். அதற்கு மேலே, திருத்தம் எழுதுகிற இடத்தில் இரண்டு வரி: 'சுவர்கள் காட்டப்பட்ட விதம் மட்டும் மாற்றப்பட்டது. அளவுகள் அனைத்தும் சரியாக இருந்தன. அவற்றில் கை வைக்கவில்லை.'

அளவு சரி என்று ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்! அதை விபத்து நடந்த அந்த மாதமே எழுதி, ஒரு வீட்டுக்காரம்மாவின் பென்டிரைவில் போட்டுவைத்திருக்கிறீர்கள். என்னிடம் சொல்லவில்லை. முப்பதடி ரோடு, பாய். தாண்டி வந்திருக்கலாம். நீங்களும் தாண்டியிருக்கலாமே சார் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

மாடிக்கான பிளானை, கீழ்வீட்டுச் சுவர்களையும் சேர்த்து, மதியத்துக்குள் முடித்தேன். பழக்க தோஷம், எல்லாச் சுவரையும் என் நிறங்களுக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. திரும்ப உங்கள் சாய்கோடுகளுக்கே மாற்றினேன். பிரிண்ட் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

பூட்டிக் கிடக்கும் உங்கள் ஆபீஸ் படிக்குக் கீழே செல்வி டீக்கடை வைத்திருக்கிறார். கால் எலும்பு சரியாகக் கூடாததால் அதன் பிறகு சித்தாள் வேலைக்குப் போகவில்லை. இந்தக் கடைக்குப் பயந்து நான் இத்தனை வருடம் பஸ் ஸ்டாப் வரை நடந்து போய் டீ குடித்தேன்.

"இன்னா சார், வழி தெரிஞ்சிதா?" என்றார்.

நான் ஜெராக்ஸை டீக்கிளாஸ்களுக்குப் பக்கத்தில் விரித்தேன். "இதுல எந்தச் சுவரை உடைக்கக் கூடாது? பாத்துச் சொல்லும்மா."

"இது பாய் கேக்கற கேள்வியாச்சே!" செல்வி சிரித்தார். "எது போட்டாலும் எடுத்தாந்து நீட்டுவாரு. நான் வெரலு வெச்ச பொறவுதான் கையெழுத்து. படிச்சவங்க வேலைய பாத்துக் குடுக்கறேன், சும்மாவான்னு ஒரு பன்னு வாங்கிக்குவேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தயங்காமல் சாய்கோடு போட்ட சுவர் மேல் விரலை வைத்தார். பிறகு தாளைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். விரலை எடுக்கவில்லை.

"இது அந்த வூடு இல்ல?"

"ஆமா."

"அன்னிக்கி எங்க கையில இருந்த பேப்பர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிது. அத யாரு போட்டது சார்? பாயா, நீங்களா?"

பன்னிரண்டடி மூன்று அங்குலம் வாய் வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"அளவு சரியா இருந்தது. சுவரைக் காட்டினதுதான் தப்பு. காட்டினது நான். பாய் பாக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்."

செல்வி பாலை ஒருமுறை ஆற்றினார். "பாய் போட்டிருந்தா அப்படி வெச்சிருக்க மாட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும். அவர எத்தினி தபா கேட்டிருப்பேன். 'நம்ம பிளானும்மா'ம்பாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது." டீயை என் முன்னால் வைத்தார். "நீங்க சொல்றதுக்கு இவ்ளோ நாளு ஆயிருக்கு."

மன்னித்தேன் என்று செல்வி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ குடித்தேன், ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன், இன்னொன்றுக்கும் காசு நீட்டினேன். ஒரு பன்தான் ரேட்டு, அதை ஏற்ற வேண்டாம் என்றார்.

அந்த முப்பதடிக்காக உங்கள் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, பாய். தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இனி என் மேசையிலிருந்து எந்தத் தாளும் ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல், பிறகு ரோட்டைத் தாண்டாமல் வெளியே போகாது. இன்றைய நகலை ஆபீஸ் கோப்பில் வைத்துவிட்டேன். தாங்கும் சுவரின் மேல் ஈர விரலின் தடம் இருக்கிறது. வரைந்தவர் கட்டத்தில் என் பெயர். சரிபார்த்தவர் கட்டத்தில், கடைக்கணக்கு எழுதும் பேனாவால், கோணல் எழுத்தில், 'செல்வி'.