நெஸ்டரின் உடைந்த நாற்காலி

ஜூன் 3

‘நெஸ்டர்’ என்று இன்று நானே எழுதினேன், முதியோர் பள்ளியில் கற்ற எழுத்தில். பிராங்க்ஸ் தெருக்களில் முதுகைத் தரையில் வைத்துச் சுழன்று பிரேக் டான்ஸ் ஆடிய முதல் ஆட்களில் ஒருவன். ஆட்டத்தில் என் பரம எதிரி. போன வாரம் இறந்துவிட்டான். இருந்தால் காட்டியிருப்பேன். “அறுபத்தெட்டு வயசுல பள்ளிக்கூடமா?” என்று சிரித்திருப்பான். சிரிக்கட்டுமே. என் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5

சனிக்கிழமை பூங்காவில் அவன் நினைவாக ஆட்டம். எல்லா இளவட்டங்களும் கடைசியில் ‘உடைந்த நாற்காலி’யாக நிற்க வேண்டும் என்கிறாளாம் அவன் மனைவி நெரெய்டா. ஒரு கையை ஊன்றி, காலை மடக்கி, சரிந்த நாற்காலிபோல் உறைந்து நிற்பது. நெஸ்டர் கண்டுபிடித்தது. அவன் மட்டுமே செய்தது.

இது மரியாதையா? திருட்டு!

ஜூன் 6

நெரெய்டா வீட்டுக்குப் போனேன்.

“அடுத்தவன் ஆடுற அசைவ எடுத்தா எங்க ஆட்ட வட்டத்துல சேத்துக்கவே மாட்டோம்” என்றேன்.

“அவரே போயிட்டாரு. இனிமே யாரு சண்டைக்கு வரப்போறா?”

“நான் வருவேன்.”

“நீயா? மாடி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது!”

சிரித்தவள் அழுதுவிட்டாள். “யாரும் செய்யலன்னா அது அவரோடயே போயிடுமே, ஆல்டன்.”

துவரைச் சோறு போட்டாள். தின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 7

வழியைப் பிடித்துவிட்டேன்! எடுக்கத்தான் கூடாது. அவன் அசைவுக்குப் பதில் ஆடலாமே. ஆட்டத்தில் அதுதானே முறை. நெரெய்டாவுக்குப் போன் செய்து, நான் ஆடப்போகிறேன் என்றேன்.

“முட்டி ஒடஞ்சா என்கிட்ட வராத” என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 8

ஆடினேன்!!! நாளை எழுதுகிறேன்.

ஜூன் 9

வட்டத்தின் நடுவே நெஸ்டருக்கு இடம் விட்டோம். நான் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, “ஒடஞ்ச நாற்காலிய வச்சுக்கிட்டு எத்தன வருஷம்டா பீத்திக்கிட்ட?” என்று கத்தினேன். பிறகு கால்மேல் கால் போட்டு, இல்லாத நாற்காலியில் ஒய்யாரமாக உட்கார்ந்தேன். அது ஒடிந்தது. மல்லாக்க விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தலைக்குக் கை கொடுத்துப் படுத்துக்கொண்டேன். பூங்காவே அதிர்ந்தது.

அதைப் பார்த்து இளவட்டங்களும் ஒவ்வொருவராகப் பதில் ஆட இறங்கினார்கள். ஒருத்தி ஆடிக்கொண்டே அந்த இல்லாத நாற்காலிக்கு ஆணி அடித்தாள். ஒருவன் அதை முதுகில் சுமந்து சுழன்றான். யாருமே அந்த நாற்காலியாக நிற்கவில்லை. ஆனால் அது அங்கே இருந்தது. நான் பார்த்தேன்.

அப்போது சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன், உற்சாகத்தில், கையை ஊன்றிக் காலை மடக்கினான். அச்சு அசல் நெஸ்டர். நான் எழுந்திருக்கும் முன்பே, முன்வரிசையில் கறுப்பு உடையில் நின்ற நெரெய்டா இரண்டு கைகளையும் நீட்டி, முதலை வாய்போல் பட்டென்று மூடினாள். எங்கள் வட்டத்தில் அசைவைத் திருடியவனுக்குக் காட்டும் சைகை.

“எந்திரிடா! அது என் புருஷனோடது!”