ஆதரவு என்று விழுந்த சீட்டு

அண்ணே,

நேற்று மாலை உங்கள் மகள் வந்திருந்தாள். உங்களுடைய நீலத் தூண்டில் பெட்டியை என் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, "தூக்கிப் போட மனசு வரல ஆன்டி. அப்பாகூட மீன் பிடிக்கப் போனது நீங்க மட்டும்தான்," என்றாள். அவள் போனபின் திறந்து பார்த்தேன். குப்பென்று காய்ந்த இறால் வாடை. முட்டைகூட வாங்காத என் ஃபேரர் பார்க் வீட்டில் இன்று காலையிலும் அது நிற்கிறது. ஜன்னலைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை.

நினைவிருக்கிறதா, என்னை நீங்கள் 'சாம்பார் கட்சி' என்பீர்கள். நம் பேச்சு மன்றத்தில் அத்தனை பேர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக் கடைக்கு மேலே அந்தச் சின்ன அறை, பன்னிரண்டு பேர், ஒரு பழைய பிஸ்கட் டின். டின்னுக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். ஆதரவு என்று வந்தால் ஆதரவு, எதிர்ப்பு என்று வந்தால் எதிர்ப்பு. நம் சொந்தக் கருத்தை யாரும் கேட்க மாட்டார்கள். மேடையில் பேசியதைக் கீழே இறங்கியபின் யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது. அதுதான் மன்றத்தின் சட்டம்.

ஆண்டு விழாவுக்கு வந்த தலைப்பு, வேட்டையாடுவதையும் மீன்பிடிப்பதையும் அரசியலமைப்பு உரிமையாக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் அப்படி எழுதியே வைத்திருக்கிறார்கள், சிங்கப்பூரில் இல்லை என்று செயலாளர் விளக்கினார். "இங்க வேட்டையாட என்ன இருக்கு லா, மைனாவா?" என்று நீங்கள் கேட்டதில் அறையே சிரித்தது. பிறகு சீட்டு எடுத்தோம். மீனை வாயில் வைத்தறியாத எனக்கு ஆதரவு. வாராவாரம் சுவா சூ காங்கிலிருந்து தீவின் மறுகோடிக்கு ரயிலேறி, பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிற உங்களுக்கு எதிர்ப்பு.

மாற்றிக்கொள்ளலாமா என்று நான் கெஞ்சினேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "சீட்டு சீட்டுதான். நீ என்கூடப் படகுத்துறைக்கு வா, மீன் பிடிக்கிறதுன்னா என்னன்னு பாரு. நான் உன்கிட்ட மீன் பாவம்னு பேசக் கத்துக்கிறேன்," என்றீர்கள்.

மூன்று சனிக்கிழமை காலைகள் வந்தேன். தேக்கா சந்தையில் நீங்கள் தூண்டிலுக்கு இறால் வாங்கும்போது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பூக்கடைப் பக்கம் நிற்பேன். படகுத்துறையில் மடக்கு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தரையில் உட்காருவீர்கள். முதல் வாரம் ஒரு சின்ன மீன் சிக்கியது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "எதிரணித் தலைவிக்காக விடுறேன்," என்று அதைத் தண்ணீரிலேயே விட்டீர்கள்.

மூன்றாவது வாரம் மீனே கிடைக்கவில்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "என் வீட்டுக்காரி இறந்துபோன வருஷம் எனக்கு வாழவே பிடிக்கல மா. காலையில எழுந்திரிக்க ஒரு காரணம் வேணும்ல? இந்தத் தூண்டில்தான் இருந்துச்சு. இது இல்லாட்டி நான் இன்னைக்கு இருந்திருக்க மாட்டேன். மகளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

உங்கள் ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நீங்கள் குடித்தீர்கள்.

விழாவன்று நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசினீர்கள், அண்ணே. அனுமதி என்றால் 'மீன்பிடிக்கக் கூடாது' என்ற ஒரே பலகையில் போய்விடும், உரிமை என்றால் நிற்கும் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னதை, எழுந்து நின்று ஊதித் தள்ளினீர்கள். "உயிர் வாழ எது தேவையோ அதைத்தான் அரசியலமைப்பில் எழுத வேண்டும். மீன் பிடிக்காவிட்டால் யாரும் செத்துவிடுவதில்லை!" என்றீர்கள். கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் உங்கள் மகள் எல்லோரையும்விட உரக்கத் தட்டினாள்.

எனக்குத் தோற்கப் பிடிக்காது. அது உங்களுக்கும் தெரியும். நிறைவுரைக்கு எழுந்தேன். கையிலிருந்த குறிப்பில் இல்லாததைப் பேசினேன். "எதிரணிப் பேச்சாளர், யாரும் சாவதில்லை என்கிறார். மனைவியை இழந்து வாழவே பிடிக்காமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். சுவா சூ காங்கிலிருந்து பிடோக்குக்கு வருகிறார். அவர் இன்று உயிரோடிருக்க அவருடைய தூண்டில்தான் காரணம்." பெயரைத்தான் சொல்லவில்லை. ஊரைச் சொல்லிவிட்டேனே. நடுவர்கள் எனக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். உங்கள் மகளின் கைகள் மடியில் கிடந்தன.

அடுத்த வாரமே அவள் உங்கள் தூண்டிலைப் பூட்டி வைத்துவிட்டாள். தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்று அழுதிருக்கிறாள். மகள் அழுதால் நீங்கள் தாங்க மாட்டீர்கள். சரி என்றுவிட்டீர்கள். நானாவது கூட வருகிறேன் என்று அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மீன்பிடிக்கும் உரிமைக்காகப் பேசி ஜெயித்தேன். உங்களிடமிருந்து அதைப் பிடுங்கியவளும் நான்தான்.

இரண்டு ஆண்டுகள் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தீர்கள். பார்க்க வரும்போதெல்லாம், "என்ன சாம்பார் கட்சி?" என்று சிரிப்பீர்கள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த அன்று, இதயம் நின்றுபோனதாக மருத்துவர் சொன்னார். மீன் பிடிக்காததால் யாரும் செத்துவிடுவதில்லை என்று மேடையில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்திப் பார்க்கிறேன், முடியவில்லை.

நேற்று உங்கள் மகள் வாசலில் செருப்பை மாட்டியபடி, "நான் அப்பாவைக் காப்பாத்துறேன்னுதான் நினைச்சேன் ஆன்டி. அங்க உக்காந்து என்னதான் பார்ப்பாருன்னு ஒருநாள் காட்டுறீங்களா?" என்று கேட்டாள். வரும் சனிக்கிழமை போகிறோம். இறாலை நானே வாங்குகிறேன், மூக்கைப் பொத்தாமல். அவளிடம் அங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

விழா முடிந்து ரயில் நிலையம் வரை சேர்ந்து நடந்தோமே, நினைவிருக்கிறதா? கோப்பை என் பைக்குள் இருந்தது. படியிறங்கும் முன் நின்று கேட்டீர்கள்: "எனக்காகச் சொன்னியா மா, இல்ல ஜெயிக்கணும்னு சொன்னியா?"

"உங்களுக்காகத்தான் அண்ணே," என்றேன்.

நீங்கள் தலையசைத்தீர்கள். நம்பினீர்கள்.

ஜெயிக்கத்தான் சொன்னேன், அண்ணே.