முதல் இடியன்று திறந்த சாடி

சின்னவளின் அப்பாவுக்கு,

நீங்கள் தலைநகரத்து விழாவில் இருக்கும்போதே இங்கே வசந்தத்தின் முதல் இடி இடித்துவிட்டது. முதல் இடி கேட்டதும் திறந்து சாமிக்குப் படைக்கவென்று போன அறுவடையில் நீங்கள் கோதுமை நிரப்பி முத்திரையிட்ட சாடியை, பூசாரியின் மனைவி என்பதால் நானே திறந்தேன். ஊரே சுற்றி நின்றது.

மேலே ஒரு விரல் உயரத்துக்குக் கோதுமை. அதற்குக் கீழே முழுக்கப் பதரும் எலிப்புழுக்கையும்.

"ஏம்மா, சாமிக்குப் பதரு, பூசாரிக்குக் கோதுமையா?" என்று கேட்டான் உழவன் பிசேனி.

பனிக்காலத்தில் அந்தச் சாடியிலிருந்து ஒரு பிடிதான் கேட்டேன். "சாமி சொத்துல கை வைக்கச் சொல்றியாடி?" என்று கத்தினீர்கள். சின்னவள் அப்போது பசியில் அழுவதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் நீங்கள் பூட்டி வைத்திருந்த அறையை உடைக்கச் சொன்னதும் நான்தான். உள்ளே மூட்டை மூட்டையாகக் கோதுமை. கொஞ்சத்தை அரைத்துச் சாமிக்கு ரொட்டி படைத்தோம். மீதியை விதைப்புக்கு ஊரார் பங்கிட்டுக்கொண்டார்கள்.

உங்கள் படுக்கையை மாட்டுக் கொட்டிலில் வீசினேன். மாடுகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் படுத்துக்கொண்டன.

இப்படிக்கு,
சின்னவளைப் புதைத்தவள்