ஒருநாளும் விடுப்பு எடுக்காதவளுக்கு

அன்புத் தங்கை தேவகிக்கு,

திண்டிவனம் சாலையில் உனக்கு அஞ்சலிப் பேனர் கட்டியிருக்கிறார்கள். நீ வேலை பார்த்த பள்ளிக்கூடம் வைத்தது. படத்தில் நீ சிரிக்கிறாய். கீழே கொட்டை எழுத்தில், 'ஒருநாளும் விடுப்பெடுக்காத உத்தம ஆசிரியை'. பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது வாக்குமூலமாகத் தெரிகிறது.

செய்தி எழுதிப் பிழைத்தவன் என்பதால் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மாரடைப்பு என்றார். பள்ளிக்கூடம்தான் உன்னைக் கொன்றது என்று நான் எழுத முடியாது, ஆதாரம் இல்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

கோடை விடுமுறை பிள்ளைகளுக்கு மட்டும்தான். உங்களுக்கு அப்போதுதான் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் வேலை. கையில் அட்மிஷன் நோட்டீஸ், உச்சி வெயிலில் வல்லம், தொண்டூர், மண்டகப்பட்டு. முதல் வருடம் தொண்டூரில் கடலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர், "இன்னாம்மா, எந்தக் கட்சிக்கு ஓட்டு கேக்குற?" என்றாராம். "ஒண்ணாங்கிளாஸ் கட்சி தாத்தா, உங்க பேரனக் குடுங்க" என்றாயாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

போன கோடையில் அதே கதையை நான் கிளறியபோது, "ஆமாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாய். வெறும் அசதி என்றால் தூங்கி எழுந்ததும் போய்விடும். உனக்குப் போகவில்லை. உயிராக இருந்த பிள்ளைகள்மேல் எரிச்சல். சோற்றுத் தட்டைப் பார்த்தாலே வெறுப்பு. பெற்றோர் வாட்சாப் குழு சத்தமிட்டால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளுவாய்.

"ரெண்டு நாள் லீவு போடேன்" என்றேன்.

"அட்மிஷன் முடியட்டும்ணே."

அட்மிஷன் முடிந்ததும் பரீட்சை. பரீட்சை முடிந்ததும் ஆண்டுவிழா. எது முடிந்தால் நீ உட்கார்ந்திருப்பாய், தேவகி?

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. "தேவகி மிஸ் எதையும் மறுக்க மாட்டாங்க" என்று தாளாளர் சொன்னால் உன் முகம் பூத்துவிடும். மறுக்காதவள் தலையில்தானே அடுத்த மூட்டையையும் ஏற்றுவார்கள்? இது உனக்கு ஏன் புரியவில்லை?

காரியத்தன்று அந்தத் தாளாளர் வந்தார். உன் படத்துக்கு மாலை போட்டார், காபி குடித்தார். பி.எட். முடித்திருக்கும் உன் மகள் மலரைக் கூப்பிட்டு, "அம்மா எடம் அப்படியே இருக்குதும்மா. திங்கக்கெழம வந்து சேந்துக்கோ" என்றார். சனம் மொத்தமும் அவரைக் கும்பிட்டது. உன் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. நான் கும்பிடவில்லை.

மலர் நிதானமாகச் சொன்னாள்: "சேர்றேன் சார். ஸ்கூல் பெல் அடிச்சப்புறம் போன் எடுக்க மாட்டேன். லீவுல ஊர் ஊரா போவ மாட்டேன். ஒடம்பு முடியலன்னா லீவு போடுவேன். சரிங்களா?"

தாளாளர் சிரித்தார். "இதெல்லாம் கவர்மென்ட்டு வேலையில கேளும்மா. உங்க அம்மா ஒருநாளும் இப்படிப் பேசினதில்ல."

"அதனாலதான் சார் மாலையோட வந்திருக்கீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நம் சனங்கள் அவளைப் பிய்த்தெடுத்தார்கள். "வாய் இன்னா நீளம் பாரு! இவள எவன் கட்டுவான்?" என்றாள் ஒருத்தி. உன் வீட்டுக்காரர், "வாசல்ல வந்த வேலய எட்டி ஒதச்சிட்டியே, இனிமே செஞ்சியில எவன் குடுப்பான்?" என்று கத்தினார்.

"அம்மா ராத்திரியெல்லாம் கண்ணத் தொறந்துகினே படுத்திருக்கும் நைனா. நீங்க கொறட்ட வுட்டீங்க. நான் பாத்துகினு இருந்தேன்" என்றாள் மலர்.

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார்.

அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்குப் போய் இதே மூன்றையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் அவளைத் திட்டியிருப்பாயா? கையைப் பிடித்திருப்பாயா?

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தாளாளர் உன் வீட்டுக்காரருக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது. "பொண்ணுக்குப் புத்தி சொன்னீங்களா? நாளைக்கு அனுப்பிவிடுங்க." மலரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம சார். சாப்புட்டுகினு இருக்கோம்" என்றார். போனை வைத்துவிட்டு மகளிடம், "அப்பளம் எடும்மா" என்றார்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். மலர் எங்கே வேலைக்குப் போனாலும், "முடியல மாமா" என்று வந்து நிற்கிற அன்று, 'கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று சொல்ல இந்த வீட்டில் எவரையும் விடமாட்டேன். முதலில் அவள் உட்காரட்டும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னும் கோபம் ஆறாத
உன் அண்ணன்