ஈசானி மூலையில் வெறுங்கால்

மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காலைப் பொழுதைக் கழித்த என் மாமாவுக்கு,

மருமகள் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு பாலக்கோட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. தக்காளி விலை ஏறுகிறது, இறங்குகிறது. உங்கள் பேத்தி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உங்கள் மகன் வேலைக்குப் போய் வருகிறார். நான் காலையில் விளக்கேற்றுகிறேன், சமைக்கிறேன், சாயங்காலம் வரவு செலவு எழுதுகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "மருமவ கல்லாட்டம் இருக்கறா" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கல்லுக்கு எப்படி இருக்குமோ தெரியாது. எனக்கு இப்படித்தான் இருக்கிறது.

உங்கள் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவது, நம்மைப் போலவே சாமி மூலையில் தொட்டி வைத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கும் என்பதால்.

சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் தொட்டி வாங்கி வந்தபோது, அதை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. தண்ணீர் ஈசானி மூலையில் இருந்தால் வீட்டுக்கு நல்லது. நம் சாமி அலமாரியும் அதே வடகிழக்கு மூலையில்தான். முருகனுக்குப் பக்கத்தில் ஏஞ்சல் மீன்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் கறுப்பு சக்கர் மீனுக்கு நீங்கள் தாசில்தார் என்று பேர் வைத்தீர்கள். "பாரும்மா, எடத்த வுட்டு நவுராம சம்பளம் வாங்குது" என்பீர்கள்.

அந்த மூலைக்கு நம் வீட்டில் யாரும் செருப்போடு போனதில்லை. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டு நடந்த நீங்களும், தொட்டி கழுவப் போகும்போது அதைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் போவீர்கள். தரையெல்லாம் தண்ணீர் சிந்தியிருக்கும். அதில் வெறுங்காலோடு நின்று கையைத் தோள் வரைக்கும் உள்ளே விடுவீர்கள். அது எங்களுக்குப் பக்தியாகத்தான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படித்தானே?

அந்த மார்கழிக் காலையில் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் மக் விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வந்தால், கை தொட்டிக்குள்ளேயே இருக்க நீங்கள் சாய்ந்து கிடந்தீர்கள். மெயினை இறக்கிய பிறகுதான் உங்களைத் தொட்டேன். அது எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தொட்டபோது கை சூடாகத்தான் இருந்தது.

தண்ணீரைச் சூடாக வைக்கிற ஹீட்டரின் கண்ணாடியில் மெல்லிய விரிசல் இருந்தது. நீங்கள் சுவிட்சை நிறுத்தியிருந்தீர்கள். அதை நானே பார்த்தேன். பிறகு ஏன் இப்படி ஆனது என்று உங்கள் மகன் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஹீட்டரைத் தூக்கி எறிந்தார். வெளியே இருக்கிற காற்று மோட்டார், பல்பு, தண்ணீருக்குள் கிடக்கிற பில்டர் மட்டும் ஓடின. அதற்குப் பிறகு யாரும் அந்தத் தண்ணீரில் கை வைக்கவில்லை. கண்ணாடி பச்சையாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாப்பிரெட்டிப்பட்டியில் யாரோ கேட்டார்கள், கொடுத்துவிடலாம் என்றார் உங்கள் மகன். கொடுத்தால் சோறு சாப்பிட மாட்டேன் என்றாள் பேத்தி. அப்படியே கிடந்தது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து உள்ளே வந்தார். பேத்தி தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துத் தள்ளி அடிக்கக் கை ஓங்கினார். அவள் மிரண்டு போய்ச் சொன்னாள்: "சுச்ச ஆஃப் பண்ணிட்டுத்தாம்பா கைய வுட்டேன்."

அவர் அடிக்கவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தார். வந்தவர் சுவிட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தார். கரண்ட் வருகிற ஒயரில் போட வேண்டிய நம் சுவிட்சை, அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரில் போட்டிருக்கிறார்களாம். நிறுத்தினால் பல்பு அணையும், மோட்டார் நிற்கும். ஆனால் கரண்ட் ஒயர் வழியாகத் தண்ணீர் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்குமாம். இது தெரியாமல் நாம் எத்தனை முறை அந்தச் சுவிட்சை நம்பினோம்?

ஒயரிங்கை மாற்றினார். எர்த் சரியில்லை என்று புதிதாகப் போட்டார். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற டிரிப்பர் வைத்தார். ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், தொங்கி வளைந்து மேலே ஏறுகிற மாதிரி கட்டினார். ஒயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். ரப்பர் செருப்புப் போட்டால் போதுமா என்று கேட்டேன். "செருப்பும் போடுங்க. ஆனா அத நம்பிக் கைய வுடாதீங்க. எல்லாப் பிளக்கையும் புடுங்கிட்டு அப்பறம் தண்ணியத் தொடுங்க" என்றார்.

அன்றைக்கு ராகுகாலம் கழிந்ததும் சாமி அலமாரியைக் கழற்றிக் கிழக்குச் சுவருக்கு மாற்றினேன். தொட்டியை நகர்த்த முடியாது, கனம். பக்கத்து வீட்டக்கா எட்டிப் பார்த்து, "மீனுக்காவ சாமிய நவுத்துவாங்களா?" என்றார். "மீனுக்கு இல்லீங்க்கா. செருப்புக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முருகனுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு?

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவினோம். எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். செருப்புப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் கை தண்ணீருக்கு மேலேயே நின்றுவிட்டது. பயமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எதுவுமே இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். அப்போது உங்கள் மகன் வந்து கீழே கிடந்த பிளக்குகளையெல்லாம் பொறுக்கித் தன் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நீங்கள் போன நாளிலிருந்து, மகளை இழுக்க ஓடிய அந்தச் சாயங்காலத்தைத் தவிர, அவர் அந்த மூலைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதில்லை.

"எங்கையிலதான் இருக்குது, வுடு" என்றார்.

விட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. நான் கண்ணாடியைத் தேய்த்து முடிக்கிற வரைக்கும் அவர் பிடியைத் தளர்த்தவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தேன், விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கினேன்.

இனி இந்த வீட்டில் ஒருவர் கை தண்ணீருக்குள் இருந்தால், இன்னொருவர் கையில் பிளக் இருக்கும், மாமா. உங்கள் பேத்தி தனியாகத் தொட மாட்டாள். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் வீட்டு விளக்கை ஏற்றிவரும்
மருமகள்