ஊறுகாய் பாட்டிலில் போன சினைப்பை

திருவொற்றியூர்
14.6.2009

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா ரமாபாய் எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா நலம், மாடித் தண்ணீர்த் தொட்டி நலம், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் மிக நலமாக நம் கொடித் துணிமேல் தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நானும் நலம் என்று வழக்கம்போல எழுதியிருப்பேன், ஆனால் என் ரிப்போர்ட்டை என்னைவிட நீதான் நன்றாகப் படித்திருக்கிறாய். கல்கத்தாவில் மழை பிடித்துவிட்டதா, கடுகெண்ணெய் வாசம் பழகியதா. எனக்கு இரண்டாவது ஊசி போட்டுப் பதினோரு நாள் ஆகிறது, தலையில் ஒரு முடி இல்லை, உன் அப்பா இப்போதுதான் நீ அசல் பிக்குணி என்கிறார், இருபத்தேழு வருஷத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் திட்டுகிறேன், விஷயம் நகர மாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆராய்ச்சிக்காக நீ கேட்ட, லேபில் என் கட்டியை மெழுகில் பதித்து வைத்த துண்டு கைக்கு வந்துவிட்டது. நீ அனுப்பிய பதினான்கு பக்கச் சம்மதப் படிவமும் வந்தது. ஆனால் என் வயிற்றுக்குள் இருந்தது மெழுகுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும், உன் அப்பா உனக்குப் பாதிதான் சொன்னார்.

ஆறு மாதம் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. தெருமுனை டாக்டர் கேஸ் என்றார், மாத்திரை கொடுத்தார். அடுத்த டாக்டர் பெரிய கேஸ் என்று பெரிய மாத்திரை கொடுத்தார். இறால் கம்பெனியில் சூப்பர்வைசர் எத்தனையாவது மாசம் என்று கேட்டுச் சிரித்தான், நாற்பத்தொன்பது வயதில் எனக்கு அந்த மரியாதையும் கிடைத்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் என்றார்கள். என் வயிற்றை அறுக்க உன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள், என்னிடம் வளையலைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான் என்னோடு பேச்சு.

ஆபரேஷன் நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. எடுத்த கட்டியை ஊருக்குள் இருக்கும் வேறொரு லேபுக்குக் கொண்டுபோக வேண்டியது நோயாளியின் ஆள்தான், அங்கே அதுதான் முறை. உன் அப்பா வெளியே உட்கார்ந்திருந்தபோது வார்டு ஆயா தங்கபுஷ்பம் வந்து பாட்டில் கேட்டாளாம். என்ன பாட்டில் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. அவர் எதிர்ப்பக்கத்து மெஸ்ஸில் கெஞ்சி ஒரு காலி ஊறுகாய் பாட்டில் வாங்கிக் கழுவிக் கொடுத்தார், எலுமிச்சைப் படம் போட்ட லேபிள் உரியவில்லை. கட்டி கெடாமல் காக்கிற ஃபார்மலின் இல்லை, ஸ்டாக் தீர்ந்துபோச்சு என்று சொல்லி, ஏற்றுகிற சலைன் தண்ணீரையே ஊற்றி மூடிக் கையில் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் ஜப்பானுக்குப் போகிற இறாலுக்கு ஐஸ் கொஞ்சம் இளகினால் மணி அடிக்கும், நாலு பேர் ஓடிவருவார்கள். என் சினைப்பை இருபத்தெட்டாம் நம்பர் பஸ்ஸில் வெயிலில் நின்றுகொண்டு போனது.

லேபில் கவுன்ட்டர்காரர் பாட்டிலைப் பார்த்து முகம் சுளித்தார், சீட்டைப் பார்த்தார், ஆஸ்பத்திரியின் வட்ட முத்திரை இல்லை என்றார். முத்திரை வாங்கி வருவதற்குள் பகல் பன்னிரண்டு ஆகிவிடும், சனிக்கிழமை பன்னிரண்டோடு சரி, திங்கட்கிழமை வாங்க என்றார். உன் அப்பா ரயில் பிடித்து வீடு வந்தார். நம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது, நேரே ஞானதுரை அண்ணாச்சி கடைக்குப் போய் கலர் பாட்டில் வைக்கிற ஃபிரிட்ஜில் ஒரு ஓரம் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி லேபிளைப் பார்த்துவிட்டு, ஊறுகாயை எதுக்கு வேலப்பன் குளிர வைக்கீரு, என்று கேட்டாராம். உன் அப்பா சொன்னாராம், "ஊறுகா இல்ல அண்ணாச்சி, நம்ம ரமா." அந்த மனுஷன் மேல்தட்டு முழுவதையும் காலிசெய்து கொடுத்து, தன் போனையும் நீட்டி, பொண்ணு இதத்தானே படிக்குது, அதுகிட்ட கேளும் என்றிருக்கிறார். ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் சரியான வைத்திய ஆலோசனை ஒரு மளிகைக் கடையிலிருந்து வந்தது.

மீதி உனக்குத் தெரியும். நீ போனில் கத்தினாய், குளிர் போதாது, இப்போதே ஃபார்மலின் வேண்டும், கட்டியைப் போலப் பத்து மடங்கு வேண்டும், நடுவில் கீறிவிட வேண்டும் என்றாய். அவர் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே யாரோ கைகாட்டப் பிணவறைக்குப் போனார். அங்கே லூர்து என்று ஒருவர், வேலை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தவர், கேட்டதும் ஒரு கேன் நிறைய எடுத்து வைத்தாராம். வார்டுல ஸ்டாக் இல்லன்னாங்களே என்று உன் அப்பா கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். "உசுரோட கீறவங்களுக்குத்தான் நைனா ஸ்டாக் இல்ல, செத்தவங்களுக்கு எப்பவும் கீது." ஒரு பெயிண்ட் டப்பாவைக் கழுவி, அதில் ஊற்றி, பழகின கையால் அளவாகக் கீறிப் போட்டு மூடிக் கொடுத்தார். என் உடம்பின் துண்டை ஒழுங்காகக் கையாண்ட ஒரே ஆள் அவர்தான், அவருக்கு நான் இன்னும் செத்திருக்கவில்லை என்பதுதான் ஒரே குறை.

திங்கட்கிழமை முத்திரையோடு அந்த டப்பா லேபுக்குப் போனது, ரிப்போர்ட் தெளிவாக வந்தது. புற்று, மூன்றாம் நிலை. கெட்ட செய்திதான், ஆனாலும் அது செய்தி. அதை வைத்துத்தான் டாக்டர் ஊசி தொடங்கினார்.

இப்போது உன் படிப்புக்கு வருகிறேன், நீ போனில் மூன்று தடவை சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. செல்லுக்குள் இருக்கிற பெரிய புத்தகத்திலிருந்து ஆர்.என்.ஏ. என்று சீட்டு சீட்டாக நகல் எடுக்கிறது. சில சீட்டில் இன்ன புரதத்தைச் செய் என்று உத்தரவு இருக்கிறது. மற்றதில் அப்படி ஒன்றும் இல்லை, அதனால் அதையெல்லாம் வெகு காலம் படித்தவர்கள் குப்பை என்றே நினைத்தார்கள். இப்போது பார்த்தால் அதில் பல, உத்தரவுச் சீட்டுகளைப் பிடித்து நிறுத்து, போதும் என்று அடக்குகிற சீட்டுகள். சினைப்பைப் புற்றில் அடக்குகிறவை சில காணாமல் போகின்றன, சில கூடாத இடத்தில் அடக்குகின்றன, செல் தன் இஷ்டத்துக்குப் பெருகுகிறது. சரிதானே. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய மிஷின் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் கம்பெனியில் மேஜைக் கடைசியில் நாலு பெண்கள் நிற்பார்கள், ஒரு இறால்கூட உரிக்க மாட்டார்கள், கெட்டதைப் பார்த்தால் கை தூக்கி நிறுத்துவார்கள். புதுசாக வந்த மேனேஜர், இவர்கள் உற்பத்தி என்ன என்று கேட்டு நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பினான். மூன்றாம் மாதம் ஜப்பானிலிருந்து கன்டெய்னர் நாற்றத்தோடு திரும்பி வந்தது. அவனுக்கு இன்னும் காரணம் தெரியாது, ஆராய்ச்சி செய்யச் சொல்லியிருக்கிறான்.

உன் படிவத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தது, காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று போட்டிருந்தது, பயந்துவிட்டேன், யாரோ பணக்காரிக்குப் போக வேண்டிய காகிதம் என்று. இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை என்றும் இருந்தது. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் இவ்வளவு நேர்மையாக எழுதிக் கொடுத்ததில்லை. பெயரை எடுத்துவிட்டு நம்பர் போடுவீர்களாம், போட்டுக்கொள்ளுங்கள், கம்பெனியிலும் நான் நாற்பத்தேழு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வார்டுத் தரையில் எனக்கு அடுத்த பாயில் காசிமேட்டுக் காத்தூன் பீவி படுத்திருந்தாள். அதே சனிக்கிழமை, அதே கத்தி, அதே சலைன். அவள் மகன் பிளாஸ்டிக் டப்பாவை வீட்டில் பானைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்து திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தான். அவனுக்குப் போன் செய்யக் கல்கத்தாவில் யாரும் இல்லை. திசு அழுகிவிட்டது, கருத்துச் சொல்ல இயலாது, மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரிப்போர்ட் இல்லாமல் ஊசி இல்லை என்கிறார்கள். போன வாரம் என்னைப் பார்த்தபோது அவளுக்கு வயிறு திரும்ப உப்பியிருந்தது. "இன்னொண்ணு எங்க கீது ரமா, ரெண்டயும்தான் எட்த்துட்டாங்களே," என்று சாதாரணமாகக் கேட்டாள். மெழுகில் பெரிய ஆர்.என்.ஏ. உடைந்துபோகும், குட்டியாக இருப்பது பிழைத்துக்கொள்ளும், அதனால் பழைய மெழுகிலிருந்தும் படித்துவிடுவோம் என்றாயே, மெழுகுவரைக்கும் வராதவளை எந்த மிஷினில் படிப்பாய்? இருநூறு பெண்களின் கட்டி என்று உன் புத்தகத்தில் போடுவாய். அது இருநூறு போன்களின் கணக்கு மகிழினி.

அதனால் கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன், மெழுகுத் துண்டு பீரோவில் என் புடவைக்கு அடியில் இருக்கிறது. கோபப்படாதே, விருப்பப்பட்டால்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு தாள் வேண்டும். ஒன்று தமிழில், எந்த மாதிரி பாட்டில், ஃபார்மலின் எவ்வளவு, எத்தனை நிமிஷத்துக்குள், இல்லையென்றால் யாரைக் கேட்பது என்று. அடுத்த ஊசிக்குப் போகும்போது வார்டுக் கதவில் ஒட்டுவேன், கிழித்தால் மறுபடி ஒட்டுவேன். இன்னொன்று இங்கிலீஷில், காத்தூன் பீவியின் டாக்டருக்கு. வயிற்றில் சேர்கிற தண்ணீரை எடுத்துப் பார்த்தாலும் புற்றா என்று சொல்ல முடியும் என்று நீ சொன்னதை உங்கள் புரொபசர் கையெழுத்தோடு எழுதி வாங்கு, முத்திரை வட்டமாக, நல்ல ஊதாவாக இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி லேபிலேயே தூங்காதே. உடம்பும் அறிவும் நன்றாக இருக்க வேண்டும், நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். கதவில் ஒட்டுகிற தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், தங்கபுஷ்பம் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். காத்தூன் பீவியை டாக்டர் 29ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார், 27க்குள் இரண்டும் என் கையில் இருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு உன் துண்டைக் கூரியரில் அனுப்புகிறேன்.

ஜெய்பீம்.
உன் அம்மா,
வே. ரமாபாய்